சம்பளமா, சொந்தமா? நடிகை லூசில் பாலின் கதை

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சிறப்புரையின் எழுத்து வடிவம்)



"தொழில் பண்ற பொம்பளைங்களுக்குப் பயன்படற மாதிரி பேசுங்க. ஆனா திட்டம், மானியம், வட்டின்னு ஆரம்பிச்சிடாதீங்க. அதை மாசாமாசம் கேட்டுக்கிட்டுதான் இருக்கோம்" என்று செயலாளர் என்னிடம் முதலிலேயே சொல்லிவிட்டார். அதனால் இன்றைக்கு ஒரு டி.வி. நடிகையின் கதையைச் சொல்லப் போகிறேன். சாயந்தரம் ஆனால் நாம் எல்லோரும் சீரியல் பார்க்கிறவர்கள்தானே! ஆனால் நான் சொல்லப் போகிற நடிகை நம் ஊர்க்காரர் இல்லை. அமெரிக்காவில் பிறந்து அங்கேயே வாழ்ந்து மறைந்தவர். பெயர் லூசில் பால். செல்லமாக லூசி.

அந்த அம்மா 'ஐ லவ் லூசி' என்ற நகைச்சுவைத் தொடரில் நடித்தார். 1951-இல் ஆரம்பித்த தொடர். எழுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னமும் அதைப் போட்டுப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிக்க வைத்த நடிகைகள் உலகத்தில் நிறையப் பேர் உண்டு. இவரைப் பற்றி உங்களிடம் பேச எனக்கு வேறு காரணம் இருக்கிறது. சம்பளம் வாங்கி நடித்துக்கொண்டிருந்த ஒரு பெண், தன் உழைப்பில் உண்டான பொருளைத் தன் சொந்தமாக வைத்துக்கொண்டார். பிறகு, தான் சம்பளத்துக்கு நடித்த ஸ்டுடியோவையே வாங்கினார். அது எப்படி நடந்தது, அதில் எது சரியாகப் போனது, எது கைவிட்டுப் போனது என்பதுதான் இன்றைய பேச்சு.

அப்பா இல்லாத வீடு

லூசில் பால் பிறந்தது 1911 ஆகஸ்ட் 6. ஊர் நியூயார்க் மாநிலத்தில் இருக்கும் ஜேம்ஸ்டவுன். நியூயார்க் என்றதும் பெரிய நகரம் என்று நினைத்துவிடாதீர்கள். இது அதே மாநிலத்தில் தள்ளி இருக்கும் சின்ன ஊர். அப்பாவுக்கு டெலிபோன் கம்பிகளைப் பராமரிக்கும் வேலை. 1915-இல் டைபாய்டு காய்ச்சலில் அவர் இறந்துபோனார். அப்போது அவருக்கு வயது 27. லூசிக்கு மூன்றரை வயது. அம்மா வயிற்றில் அடுத்த குழந்தை.

அதற்குப் பிறகு அம்மா ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம் என்று கொஞ்ச காலம் போனது. அம்மா மறுமணம் செய்துகொண்டார். சில காலம் லூசி அந்த மாற்றாந்தகப்பனாரின் பெற்றோர் வீட்டில் வளர்ந்தார். அவர்கள் ரொம்பக் கெடுபிடியானவர்கள். பொம்பளைப் பிள்ளை கண்ணாடி பார்த்தால் கர்வம் வந்துவிடும் என்று வீட்டில் கண்ணாடியே வைக்காதவர்கள். குளியலறையில் மட்டும் ஒன்று இருந்ததாம். அதில் முகத்தைக் கோணி வைத்துப் பார்த்தாலும் திட்டு விழும். பின்னால் கோடிக்கணக்கான பேரைச் சிரிக்க வைத்தது அந்த முகம்தான்.

அன்பாக வளர்த்தவர் அம்மாவைப் பெற்ற தாத்தா. பேத்தியை நாடகக் கொட்டகைக்குக் கூட்டிப்போனவர் அவர். ஆனால் 1927-இல் அந்த வீட்டுக்கும் இடி விழுந்தது. தாத்தா வீட்டு முற்றத்தில் பிள்ளைகள் துப்பாக்கியால் குறி பார்த்துச் சுட்டுப் பழகிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டுப் பையன் மேல் குண்டு பாய்ந்தது. அவனுக்கு நடக்க முடியாமல் போய்விட்டது. வழக்கு நடந்து, தாத்தாவின் வீடும் சொத்தும் கையை விட்டுப் போயின. லூசிக்கு அப்போது பதினைந்து வயது. சொந்த வீடு என்பது ஒரே நாளில் இல்லாமல் போகும் என்பதை அந்த வயதிலேயே பார்த்தவர் அவர்.

"உனக்கு நடிப்பு வராது"

அதற்கு முந்தைய வருஷம், அம்மா எப்படியோ பணம் புரட்டி, லூசியை நியூயார்க் நகரத்தில் ஒரு நடிப்புப் பள்ளியில் சேர்த்தார். அதே பள்ளியில் அப்போது படித்த இன்னொரு பெண் பெட்டி டேவிஸ். அவரும் பிறகு பெரிய நட்சத்திரம் ஆனவர். எல்லோருடைய கண்ணும் பெட்டி மேல்தான். லூசிக்கோ கூச்சம், பயம். வாய் திறந்து வசனம் வராது. 'இந்தப் பெண்ணைப் படிக்க வைப்பது வீண்' என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

திரும்பவும் நகரத்துக்கு வந்தார். இந்தத் தடவை ஒரு பெரிய துணிக்கடை முதலாளியம்மாவிடம் மாடலாக வேலை. புதுத் துணிகளைப் போட்டுக்கொண்டு வாடிக்கையாளர் முன்னால் நடந்து காட்ட வேண்டும். அதுவும் நிலைக்கவில்லை. மூட்டெல்லாம் வீங்கும் நோய் வந்து படுத்த படுக்கையானார். சுமார் இரண்டு வருஷம் ஊரோடு கிடந்தார். மறுபடி எழுந்து நடக்கப் பழக வேண்டியிருந்தது.

1933-இல் சினிமா எடுக்கும் ஹாலிவுட்டுக்குப் போனார். கூட்டத்தில் நிற்கும் அழகிகளில் ஒருத்தியாக முதல் வேலை. 1935-இல் ஆர்.கே.ஓ. என்ற ஸ்டுடியோவில் மாதச் சம்பளக்காரர் மாதிரி ஒப்பந்தத்தில் சேர்ந்தார். இந்த ஆர்.கே.ஓ. என்ற பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும். சின்ன வேஷம், அடுத்து கொஞ்சம் பெரிய வேஷம், பிறகு குறைந்த செலவில் எடுக்கும் படங்களில் நாயகி. 'சின்னப் படங்களின் ராணி' என்று பேர் வந்தது. பெரிய படங்களின் ராணி என்ற பேர் கடைசி வரைக்கும் வரவில்லை. இப்படியே பதினேழு, பதினெட்டு வருஷம் ஓடியது. வயது நாற்பதை நெருங்கியது. சினிமாவில் அந்த வயது நாயகிக்கு என்ன மரியாதை என்று உங்களுக்கே தெரியும்.

"என் புருஷனா நடிக்க என் புருஷனே வரணும்"

1940-இல் ஆர்.கே.ஓ. ஸ்டுடியோவில் ஒரு படம் எடுக்கும்போது டெசி ஆர்னாஸ் என்பவரைச் சந்தித்தார். கியூபா நாட்டிலிருந்து அடைக்கலமாக வந்த குடும்பம். பாடுவார், மேளம் வாசிப்பார், சொந்தமாக இசைக்குழு வைத்திருந்தார். லூசியைவிட ஆறு வயது இளையவர். அந்த வருஷம் நவம்பரிலேயே கல்யாணம். அவர் இசைக்குழுவோடு ஊர் ஊராகச் சுற்றுவார், இவர் ஸ்டுடியோவில் இருப்பார். சேர்ந்து இருக்க முடியாததே பெரிய சண்டையாக இருந்தது. குழந்தைக்கு ஏங்கினார்கள். கரு உண்டாகிக் கலைந்துபோன துயரமும் உண்டு.

1948-இல் லூசிக்கு வானொலியில் ஒரு குடும்ப நகைச்சுவைத் தொடர் கிடைத்தது. நன்றாகப் போனது. அதை டி.வி.க்குக் கொண்டுவரலாம் என்று சி.பி.எஸ். நிறுவனம் கேட்டது. லூசி ஒரே ஒரு நிபந்தனை போட்டார். என் கணவராக நடிக்க என் கணவர்தான் வர வேண்டும்.

நிறுவனத்துக்காரர்கள் தயங்கினார்கள். வெள்ளைக்கார அமெரிக்கப் பெண்ணுக்கு, உச்சரிப்பு வேறு மாதிரி இருக்கும் கியூபாக்காரர் கணவரா? மக்கள் ஏற்பார்களா? இதுதான் அவர்கள் சந்தேகம். லூசியும் டெசியும் வாதாடிக்கொண்டு நிற்கவில்லை. 1950-இல் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு மேடை நிகழ்ச்சி தயார் செய்து ஊர் ஊராகப் போய் நடத்தினார்கள். மக்கள் கைதட்டினார்கள். 'ஏற்பார்களா?' என்ற கேள்விக்கு அதுதான் பதில். சரக்கு விற்குமா என்று பெரிய கடைக்காரர் சந்தேகப்பட்டால், சந்தையில் நாலு நாள் நாமே கூடை போட்டு விற்றுக் காட்டுகிறோம் இல்லையா? அதே வேலை. அந்தச் சமயத்தில்தான் டெசி, லூசி இரண்டு பெயரையும் சேர்த்து 'டெசிலு' என்று சொந்தக் கம்பெனியும் தொடங்கினார்கள்.

அந்த ஒரு நிபந்தனை

இப்போது நான் சொல்லப் போவதுதான் கதையின் உயிர்நாடி. கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

1951-இல் டி.வி. என்றால் பெரும்பாலும் நேரடி ஒளிபரப்பு. நாடகம் மாதிரி நடிப்பார்கள், அந்த நிமிஷமே வீடுகளில் தெரியும். முடிந்தால் முடிந்ததுதான். வீடியோ நாடா வராத காலம். அமெரிக்கா அகலமான நாடு. கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் மணிக்கணக்கே மூன்று மணி நேரம் வித்தியாசப்படும். டி.வி. பெட்டி வைத்திருந்த ஜனங்கள் அதிகம் இருந்தது கிழக்கே. அதனால் நிகழ்ச்சிகள் நியூயார்க்கில் நடக்கும். மேற்கே அனுப்புவதற்கு, டி.வி. திரையின் முன்னால் கேமராவை வைத்து அப்படியே படம் பிடிப்பார்கள். மங்கலாக, கலங்கலாக இருக்கும்.

லூசியும் டெசியும் தங்கள் வீடு இருக்கும் ஹாலிவுட்டை விட்டு வர மாட்டோம் என்றார்கள். 1951 ஜூலையில்தான் முதல் குழந்தை பிறந்திருந்தது. நிகழ்ச்சிக்கு விளம்பரப் பணம் கொடுத்தது ஒரு சிகரெட் கம்பெனி. கலங்கல் படத்தைக் கிழக்குக் கரை மக்களுக்குக் காட்ட நாங்கள் காசு தர மாட்டோம் என்று அவர்கள் நின்றார்கள். டெசி ஒரு வழி சொன்னார். சினிமா எடுப்பது போல நல்ல பிலிமில் எடுப்போம், எல்லா ஊருக்கும் ஒரே தரத்தில் அனுப்பலாம். சரி, ஆனால் பிலிம் செலவு அதிகம். அதை யார் தருவது? சி.பி.எஸ். தரத் தயாராக இல்லை. சிகரெட் கம்பெனியும் தயாராக இல்லை.

கணவன் மனைவி இருவரும் என்ன செய்தார்கள் தெரியுமா? தங்கள் சம்பளத்தில் வாரத்துக்கு 1,000 டாலர் குறைத்துக்கொள்கிறோம் என்றார்கள். அதற்குப் பதிலாக ஒன்று கேட்டார்கள். ஒளிபரப்பு முடிந்த பிறகு அந்தப் பிலிம் எங்கள் டெசிலு கம்பெனிக்குச் சொந்தம்.

எதிர்த் தரப்புக்கு அது பெரிய விஷயமாகவே தோன்றவில்லை. ஒரு தடவை காட்டி முடித்த நிகழ்ச்சியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கறந்து முடித்த மாடு மாதிரி. எடுத்துக்கோ என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

ஆனால் மாடு மறுபடி கறந்தது. லூசி இரண்டாவது பிரசவத்துக்காக ஓய்வில் இருந்த சமயத்தில் பழைய பகுதிகளை மறு ஒளிபரப்பு செய்தார்கள். ஜனங்கள் அப்போதும் உட்கார்ந்து பார்த்தார்கள். பார்த்ததையே திரும்பவும் பார்ப்பார்கள் என்பது அப்போதுதான் தெளிவாகப் புரிந்தது. இன்றைக்கு நாம் மத்தியானம் உட்கார்ந்து பழைய சீரியலை மறு ஒளிபரப்பில் பார்க்கிறோமே, அந்த வியாபாரத்துக்கு வழி போட்டவர்களில் இவர்கள் முக்கியமானவர்கள்.

சகோதரிகளே, வாரத்துக்கு 1,000 டாலர் என்பது அன்றைக்குச் சின்னத் தொகை இல்லை. கையில் வரும் கூலியைக் குறைத்துக்கொண்டு பொருளைச் சொந்தமாக்கிக்கொள்ளத் துணிச்சல் வேண்டும். வீட்டில் கைக்குழந்தை இருக்கும்போது இன்னும் அதிகத் துணிச்சல் வேண்டும்.

சாக்லேட் ஆலை

1951 அக்டோபர் 15, திங்கட்கிழமை. 'ஐ லவ் லூசி' முதல் பகுதி வந்தது. அப்போது லூசிக்கு வயது 40. எந்த வயதில் சினிமா கதவைச் சாத்தியதோ அந்த வயதில் டி.வி. கதவு திறந்தது. 1957 வரைக்கும் 180 பகுதிகள்.

கதை சாதாரணக் குடும்பக் கதைதான். கணவர் இசைக்குழு நடத்துபவர். மனைவி லூசிக்கு எப்படியாவது மேடை ஏறிவிட வேண்டும் என்று ஆசை. அதற்காக என்னென்னவோ செய்து மாட்டிக்கொள்வார். பக்கத்தில் வீட்டுக்கார அம்மாள் எத்தல், உயிர்த்தோழி. அந்த வேஷத்தில் நடித்தவர் விவியன் வான்ஸ்.

1952-இல் வந்த ஒரு பகுதியை மட்டும் சொல்கிறேன். 'சம்பாதிப்பது கஷ்டமா, வீட்டு வேலை கஷ்டமா' என்று சண்டை வந்து, ஆண்கள் வீட்டு வேலைக்கும் பெண்கள் சம்பாத்தியத்துக்கும் மாறிக்கொள்வார்கள். லூசிக்கும் எத்தலுக்கும் ஒரு சாக்லேட் ஆலையில் வேலை. ஓடுகிற பட்டையில் சாக்லேட் வரும். ஒவ்வொன்றையும் காகிதத்தில் சுற்றி வைக்க வேண்டும். ஒன்றைச் சுற்றாமல் விட்டாலும் வேலை போய்விடும் என்று மேற்பார்வை அம்மாள் மிரட்டிவிட்டுப் போவார். முதலில் மெதுவாக வரும், சுற்றிவிடுவார்கள். பட்டை வேகம் பிடிக்கும். கை ஓடாது. விட்டதை வாயில் போட்டுக்கொள்வார்கள், தொப்பிக்குள் ஒளிப்பார்கள், சட்டைக்குள் திணிப்பார்கள். மேற்பார்வை அம்மாள் வந்து பார்ப்பார். பட்டையில் ஒன்றும் இல்லை. "பரவாயில்லையே" என்று நினைத்து, இன்னும் வேகமாக விடச் சொல்லுவார்!

நீங்கள் சிரிக்கிறீர்கள். ஆலையில் வேலை பார்த்தவர்கள் கொஞ்சம் அதிகமாகவே சிரிக்கிறீர்கள். அந்தக் காட்சி இன்றும் நிற்பதற்குக் காரணம் அதுதான். அது வெறும் கோமாளித்தனம் இல்லை. முடிந்ததைவிட அதிகம் செய்யச் சொன்னால் மனுஷி என்ன செய்வாள் என்று காட்டுகிறது. அதே பகுதியில் வீட்டில் ஆண்கள் சோறு பொங்குகிறேன் என்று உலையைப் பொங்க வைத்து அடுப்படியையே நாசம் பண்ணியிருப்பார்கள். அந்தப் பக்கமும் சமமாகத்தான் அடி.

இதெல்லாம் திரையில் தானாக நடந்த மாதிரி தெரியும். உண்மையில் வாரம் முழுக்க ஒத்திகை. கடைசியில் சுமார் 300 பேர் முன்னால் மேடை நாடகம் போல நடிப்பார்கள். மூன்று சினிமா கேமராக்கள் ஒரே நேரத்தில் படம் பிடிக்கும். ஜனங்கள் சிரிக்கிற சிரிப்பு நிஜச் சிரிப்பு. இதற்கு ஒளி அமைத்தவர் கார்ல் பிராய்ண்ட், ஜெர்மனியில் பெரிய படங்களில் வேலை செய்த ஒளிப்பதிவாளர். எழுத்தாளர்களில் ஒருவர் மேட்லின் பியூ என்ற பெண். லூசி செய்ய வேண்டிய கோணங்கி வேலைகளைத் தானே முதலில் செய்து பார்த்து, ஒரு பெண்ணால் இது முடியும் என்று உறுதி செய்துகொண்டுதான் எழுதுவார். லூசியும் ஒவ்வொரு பொருளையும் கையில் வைத்துப் பழகிப் பழகித்தான் மேடைக்கு வருவார். 'உனக்கு நடிப்பு வராது' என்று சொன்ன பெண்ணுக்கு நடிப்பு வந்த வழி இதுதான். பழக்கம்.

சொல்லக் கூடாத சொல்

1952-இல் லூசி மறுபடி கர்ப்பம். அந்தக் காலத்து டி.வி.யில் கர்ப்பிணியைக் காட்டவே கூச்சப்படுவார்கள். மேஜைக்குப் பின்னால் நிறுத்துங்கள், நாற்காலிக்குப் பின்னால் மறையுங்கள் என்று பேச்சு வந்தது. லூசியும் டெசியும் மறைக்க மாட்டோம், கதையிலேயே லூசி கர்ப்பமாக இருப்பாள் என்றார்கள். கடைசியில் சம்மதம் கிடைத்தது. ஆனால் 'கர்ப்பம்' என்ற சொல்லை மட்டும் வசனத்தில் சொல்லக் கூடாது! கதையை ஒரு பாதிரியார், ஒரு போதகர், ஒரு யூத குரு என்று மூன்று மதப் பெரியவர்கள் படித்துப் பார்த்தார்கள். அவர்களுக்கு அதில் தப்பாக ஒன்றும் தெரியவில்லை.

1953 ஜனவரி 19. தொடரில் லூசிக்குக் குழந்தை பிறந்த பகுதி ஒளிபரப்பான அதே நாளில் நிஜ லூசிக்கும் அறுவை சிகிச்சையில் ஆண் குழந்தை பிறந்தது. அந்தப் பகுதியைப் பார்த்தவர்கள் சுமார் 4 கோடியே 40 லட்சம் பேர். மறுநாள் ஐசனோவர் அமெரிக்க ஜனாதிபதியாகப் பதவியேற்றார். அதை டி.வி.யில் பார்த்தவர்கள் சுமார் 2 கோடியே 90 லட்சம் பேர். வயிற்றுப் பிள்ளைக்காரியை மறைத்து வைக்கச் சொன்ன பெட்டியிலேயே, ஜனாதிபதியைவிட அதிகம் பேர் அவளைப் பார்த்தார்கள்.

அதே வருஷம் ஒரு கெட்ட காலமும் வந்தது. அமெரிக்காவில் அப்போது கம்யூனிஸ்ட் என்று பேர் விழுந்தாலே வேலை போய்விடும். லூசி 1936-இல் தாத்தாவின் மன திருப்திக்காக வாக்காளர் பதிவில் அந்தக் கட்சியின் பெயரைக் குறிப்பிட்டிருந்தார். அது 1953 செப்டம்பரில் வெளியே வந்தது. விசாரணைக் குழு முன்னால் நடந்ததைச் சொன்னார். டெசி படப்பிடிப்புக்கு வந்த ஜனங்கள் முன்னால் நின்று, லூசியிடம் சிவப்பாக இருப்பது தலைமுடி மட்டும்தான், அதுவும் சாயம் என்று பேசினார். கூட்டம் கைதட்டியது. பலருடைய வாழ்க்கையைக் கெடுத்த அந்த அலையில் லூசி தப்பினார்.

சொந்தமும் பிரிவும்

டெசிலு வளர்ந்தது. மற்றவர்களுக்கும் தொடர்கள் எடுத்துக் கொடுத்தார்கள். 'ஐ லவ் லூசி' பிலிம்களின் உரிமையை நல்ல விலைக்கு சி.பி.எஸ்.க்கே விற்றார்கள். ஒன்றுக்கும் ஆகாது என்று விட்டுக்கொடுத்த அதே நிறுவனம் அதையே காசு கொடுத்து வாங்கியது. கையில் பணம் வந்தது. 1957 கடைசியில் ஒரு ஸ்டுடியோ விலைக்கு வந்தது. 60 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து டெசிலு வாங்கியது. எந்த ஸ்டுடியோ? நான் ஞாபகம் வைக்கச் சொன்ன ஆர்.கே.ஓ.! கூலிக்கு நடித்த இடம். புருஷனை முதலில் பார்த்த இடம்.

இங்கே நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். இந்த வியாபார மூளை பெரும்பாலும் டெசியுடையது. பிலிம் யோசனை, மூன்று கேமரா, உரிமைப் பேச்சு எல்லாவற்றிலும் முன்னால் நின்றவர் அவர். லூசி நடிப்பில் கண். ஆனால் வேலைச் சுமை கூடக் கூட டெசி குடியில் விழுந்தார். வேறு பெண்களோடு தொடர்பும் இருந்தது. திரையில் ஊரே பார்த்துப் பொறாமைப்பட்ட ஜோடி, வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாத ஜோடியாகிவிட்டது. 1960-இல் இருவரும் சேர்ந்து நடித்த கடைசி நிகழ்ச்சி முடிந்த கையோடு லூசி விவாகரத்து வழக்குப் போட்டார். அந்த மே மாதம் பிரிந்தார்கள்.

கம்பெனி என்ன ஆவது? கொஞ்ச காலம் டெசியே நடத்தினார். 1962-இல் அவருடைய பங்கை லூசி சுமார் 25 லட்சம் டாலருக்கு வாங்கிக்கொண்டார். வயது 51. பெரிய டி.வி. நிறுவனம் ஒன்றைத் தலைமையேற்று நடத்திய முதல் பெண் என்று அமெரிக்காவில் அவரைத்தான் சொல்கிறார்கள்.

அதே 1962-இல் 'தி லூசி ஷோ' என்ற புதுத் தொடர். அதில் லூசி பிள்ளைகளோடு இருக்கும் விதவை. கூட வீட்டில் இருக்கும் தோழியாக மறுபடி விவியன் வான்ஸ், விவாகரத்தான பெண்ணாக. புருஷன் இல்லாத இரண்டு பெண்கள் ஒரே வீட்டில் பிள்ளைகளை வளர்த்து, சண்டை போட்டு, சிரித்துக்கொண்டு வாழ்கிற கதை.

காலையில் நடிகை, மத்தியானம் முதலாளி. கணக்கு, செலவு, எந்தத் தொடருக்குப் பணம் போடுவது என்பதெல்லாம் இனி அவர் தலையில். 'ஸ்டார் டிரெக்' என்று விண்வெளிக் கப்பல் பற்றிய ஒரு தொடர் யோசனை வந்தது. மாதிரிக்காக எடுத்த முதல் படத்தை ஒளிபரப்பு நிறுவனம் ஏற்கவில்லை. செலவும் அதிகம். கம்பெனிக்குள்ளேயே வேண்டாம் என்றவர்கள் உண்டு. லூசி கைவிடவில்லை. இரண்டாவது மாதிரிப் படம் எடுத்தார்கள். 1966 செப்டம்பரில் தொடர் வந்தது. அதே மாதம் 'மிஷன் இம்பாசிபிள்' என்ற தொடரும் வந்தது. உங்கள் வீட்டுப் பையன்களிடம் இந்தப் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். "அந்தப் படமா?" என்பார்கள். இரண்டுக்கும் வேர் ஒரு பெண் தலைவியாக இருந்த கம்பெனியில்தான்.

1967-இல் லூசி டெசிலுவை விற்றார். விலை 1 கோடியே 70 லட்சம் டாலர். பிறகு பாராமவுண்ட் என்ற நிறுவனத்தோடு அது சேர்ந்தது. அவர் வேறு பெயரில் சின்னக் கம்பெனி வைத்து 1974 வரை தன் தொடரை நடத்தினார். 1986-இல் 75 வயதில் மறுபடி ஒரு தொடர் ஆரம்பித்தார், ஓடவில்லை. சீக்கிரமே நிறுத்திவிட்டார்கள். அதே வருஷம் டிசம்பரில் டெசி காலமானார். பிரிந்த பிறகும் அவர்கள் எதிரிகளாக இல்லை. 1989 ஏப்ரல் 26 அன்று, 77-ஆம் வயதில் லூசி காலமானார். அந்த வருஷமே அமெரிக்க அரசு தன் உயர்ந்த குடிமக்கள் விருதை அவர் பெயருக்கு வழங்கியது.

நமக்கு என்ன?

இது எங்கேயோ இருக்கும் பணக்கார நாட்டுக் கதை, டாலர்க் கதை என்று ஒதுக்கிவிடலாம். நான் ஒதுக்க மாட்டேன். மூன்று விஷயம் சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

முதல் விஷயம், கூலியும் சொத்தும் வேறு வேறு. நடித்த சம்பளம் அந்த வாரத்தோடு செலவாகிப் போகும். பிலிம் பெட்டியில் இருந்தது, நாளைக்கும் சம்பாதித்தது. நம்மில் பலர் நன்றாகத் தைக்கிறோம், நன்றாக ஊறுகாய் போடுகிறோம். ஆனால் மெஷின் யாருடையது? டப்பாவில் ஒட்டும் பெயர் யாருடையது? வாங்கிப்போய் வேறு பெயர் ஒட்டி விற்கிறவருக்கு நாம் கூலியாள்தானா? ஆர்டர் கொடுக்கிறவர் ஒரு ரூபாய் குறைத்துக் கேட்கும்போது, "சரி, ஆனா எங்க குழுப் பேரு டப்பாவுல இருக்கணும்" என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். அவருக்கு அது சின்ன விஷயமாகத் தெரியலாம். சி.பி.எஸ்.க்கும் அப்படித்தான் தெரிந்தது.

இரண்டாவது, விற்கும்போது என்ன விற்கிறோம் என்று தெரிந்து விற்க வேண்டும். 'ஐ லவ் லூசி' உரிமையை விற்றார்கள். அந்தப் பணம் ஸ்டுடியோ வாங்க உதவியது. மாட்டை விற்று நிலம் வாங்கிய கணக்கு. சரியான கணக்குதான். ஆனால் மாடு அதற்குப் பிறகு பத்து வருஷம், ஐம்பது வருஷம் கறந்த பால் வாங்கினவர் வீட்டுக்குப் போனது. ஸ்டார் டிரெக்கின் பின்னாள் வருமானமும் அப்படியே. விற்பது தப்பில்லை. அவசரத்துக்கு விற்பதும், யோசித்து விற்பதும் ஒன்றில்லை.

மூன்றாவது, இதைக் கொஞ்சம் மனசு விட்டுச் சொல்கிறேன். 1962-இல் டெசியின் பங்கை லூசியால் ஏன் வாங்க முடிந்தது? கம்பெனியில் அவர் பெயரும் முதலிலிருந்தே இருந்தது. கம்பெனிப் பெயரிலேயே பாதி அவர்தான். வியாபாரத்தை டெசி பார்த்துக்கொண்ட காலத்திலும் காகிதத்தில் லூசி அவருக்குச் சமமான பங்குக்காரி. அதனால்தான் வீடு உடைந்தபோது தொழில் உடையவில்லை. அவர் வெறும் கையோடு வெளியே போக வேண்டிய நிலை வரவில்லை.

நம் குழுக்களில் கடன் யார் பெயரில்? நம் பெயரில். தவணை கட்டவில்லை என்றால் கூட்டத்தில் தலைகுனிந்து நிற்பது யார்? நாம். அந்தக் கடனில் வாங்கிய ஆட்டோ யார் பெயரில்? பசு யார் பெயரில்? கடை வாடகை ஒப்பந்தம் யார் பெயரில்? நான் பதில் சொல்ல வேண்டாம். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அந்தக் காகிதங்களை எடுத்துப் பாருங்கள். புருஷன் நல்லவர் என்றால் சேர்த்துப் பெயர் எழுதுவதற்கு அவருக்கு என்ன கஷ்டம்? அவர் நல்லவர் இல்லை என்றால் உங்கள் பெயர் இன்னும் அவசியம். குடும்பத்தில் சந்தேகத்தைக் கிளப்ப இதை நான் சொல்லவில்லை. சோறு போடுகிற சொத்துக்குக் காவலாகச் சொல்கிறேன். கடன் கொடுக்கும் தீர்மானத்தை எழுதும்போதே, வாங்கும் பொருள் யார் பெயரில் என்றும் ஒரு வரி எழுதலாமே. தீர்மான நோட்டில் ஒரு வரிக்கு இடம் இல்லாமலா போகும்?

சாக்லேட் பட்டை நம் முன்னாலும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. வேகம் கூடினால் வாயில் அடைத்துக்கொள்ள வேண்டாம். மேற்பார்வை அம்மாளைக் கூப்பிட்டு, "பட்டை யாருது? எங்க பங்கு எவ்வளவு?" என்று கேட்போம்.

 குழுக்கள் வளரட்டும், காகிதங்களில் உங்கள் பெயர் ஏறட்டும்.